சுவரில் எழுதிய வம்சம்

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றில் தென்மேற்குப் பக்கம் கூட்டம் அவ்வளவாக வருவதில்லை. நந்தி, விமானம், கருவறை என்று பார்த்து முடித்தவர்கள் வெயிலுக்கு அஞ்சி வாசல் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். திருச்சுற்று மாளிகையில் வரிசையாக லிங்கங்கள். அவற்றைக் கடந்து மூலையை நெருங்கினால் சுவர் முழுக்க எழுத்து. தமிழ் இல்லை, கிரந்தம் இல்லை. தேவநாகரி எழுத்தில் மராத்தி. ஒரு கல்லில் தொடங்கிய வரி அடுத்த கல்லுக்குத் தாவி, அதற்கடுத்த கல்லுக்கு ஓடி, கண் சலித்த பிறகும் முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது. இந்தியாவின் மிக நீளமான கல்வெட்டுகளில் இதுவும் ஒன்று. போன்சலே வம்ச சரித்திரம் என்று பெயர். 1803இல் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜியின் ஆணைப்படி பாபுராயர் எழுதியது.

அந்த ஆண்டுதான் என்னை இந்தப் பயணத்துக்குக் கிளப்பியது. 1799 அக்டோபரில் சரபோஜி கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்படி தஞ்சை நாட்டின் ஆட்சி கம்பெனிக்குப் போனது. தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றியிருந்த சிறிது நிலமும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நாட்டு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மன்னருக்கு மிஞ்சின. நான்கு ஆண்டுகள் கழித்து, நாடு கையில் இல்லாத ஒரு மன்னர், தன் குலத்தின் வரலாற்றை ஆதியிலிருந்து கல்லில் வெட்டச் சொல்கிறார். சரித்திரம் புராண காலத்துச் சூரிய குலத்தைத் தொட்டுத் தொடங்கி, மாலோஜி, ஷாஜி, ஏகோஜி என்று இறங்கி அவரிடம் வந்து சேர்கிறது.

இதே கோயிலின் விமானத்து அடித்தளத்தில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றை ஒருமுறை நினைத்துக்கொண்டு இந்தச் சுவரைப் பார்க்க வேண்டும். தான் கொடுத்ததையும், தமக்கை கொடுத்ததையும், தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான் அவன். பொன் எத்தனை கழஞ்சு, முத்து எத்தனை, விளக்கெரிக்க ஆடு எத்தனை என்று கணக்கு. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கும் ஊர், பெயர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை பதிவு. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல். ஒரு சுவரில் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கு. எண்ணூறு ஆண்டு கழித்து எழுந்த இன்னொரு சுவரில் யார் யாருக்குப் பிறந்தார்கள் என்ற கணக்கு. இரண்டையும் எழுதச் சொன்ன குலங்கள் இன்று அரசாளவில்லை. ஆனால் எது விழுந்தது, எது இன்னும் நிற்கிறது என்று தேடிக்கொண்டு போனால் விடை அரண்மனையிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கிடைக்கிறது.

கோயிலுக்குப் பக்கத்திலேயே புது ஆறு ஓடுகிறது. கல்லணைக் கால்வாய்க்குத் தஞ்சாவூர்க்காரர்கள் வைத்த பெயர் அது. பாலத்தில் நின்று பார்த்தபோது இரு கரையும் தொட்டு, செம்மண் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஐப்பசி. மேட்டூர் திறந்து நாலு மாதம் ஆகிவிட்டிருந்தது. இந்தக் கால்வாய் 1930களில் வந்தது. சோழரும் பார்க்காத ஆறு, மராத்தியரும் பார்க்காத ஆறு. தெற்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் போக வேண்டிய எனக்கு வழித்துணை அதுதான் என்பது அப்போதே தெரிந்திருந்தது. அதற்கு முன் அரண்மனையைப் பார்த்துவிட வேண்டும்.

சோழர் அரண்மனை என்று தஞ்சையில் காட்ட ஒன்றும் இல்லை. ‘பொன்னியின் செல்வன்’ படித்துவிட்டு வரும் இளைஞர்கள் கோட்டைச் சுரங்கம் எங்கே, குந்தவையின் மாளிகை எங்கே என்று கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டு. கல்கி சொல்லாமல் விட்ட முடிவு அது. 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழ நாட்டுக்குள் படையோடு வந்து தஞ்சையையும் உறையூரையும் தீக்கிரையாக்கினான். மாளிகைகளை இடித்தான். செங்கல்லும் மரமுமாக இருந்த அரண்மனை போன தடம் தெரியவில்லை. கருங்கல்லில் தெய்வத்துக்குக் கட்டியது மட்டும் தங்கிவிட்டது. அந்தப் பாண்டியனே சோழ நாட்டில் ஒன்றை மட்டும் இடிக்காமல் விட்டதாகத் திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் சொல்கிறது: பட்டினப்பாலை பாடிய புலவருக்குக் கரிகாலன் பரிசாகக் கொடுத்த பதினாறுகால் மண்டபம். எதிரியும் கை வைக்கத் தயங்கியது அரசன் பிறருக்குக் கொடுத்துவிட்ட பொருளைத்தான். சோழர் வரிசையில் கடைசியாக அறியப்படும் மூன்றாம் ராஜேந்திரனின் ஆட்சி 1279ஓடு முடிகிறது. நானூறு ஆண்டு ஆண்ட குலம் எப்படிக் கரைந்தது என்று சொல்ல ஒரு கடைசிப் போர்க்களக் காட்சிகூட நமக்கு வாய்க்கவில்லை.

அப்படி ஒரு காட்சி நாயக்கர்களுக்கு வாய்த்தது. இன்று தஞ்சை அரண்மனை என்று நாம் சீட்டு வாங்கிக்கொண்டு நுழைவது அவர்கள் எழுப்பிய கட்டடம். சேவப்ப நாயக்கர், அச்சுதப்பர், ரகுநாதர், விஜயராகவர். நான்கே தலைமுறை. ரகுநாதர் 1620இல் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்து எழுதிய பொன்னோலை இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. அவர் மகன் விஜயராகவரோடு கதை முடிந்தது.

மதுரைச் சொக்கநாத நாயக்கர் தஞ்சையில் பெண் கேட்டார். விஜயராகவர் கொடுக்க மறுத்தார். அதுவே 1673இல் போராக மூண்டது. மதுரைப் படை கோட்டைச் சுவரை உடைத்து உள்ளே வந்தபோது விஜயராகவருக்கு எண்பதை நெருங்கும் வயது. சங்கிலி போட்டுச் சிறையில் வைத்திருந்த மகனை விடுவித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அந்தப்புரத்தில் வெடிமருந்தை நிரப்பச் சொன்னார். தான் விழுந்தால் பெண்கள் எதிரியின் கையில் சிக்கக் கூடாது என்பது ஏற்பாடு. அப்படியே நடந்தது. அரண்மனையின் ஒரு பகுதி அத்தனை உயிர்களோடு வெடித்துச் சிதறியது. அவரும் மகனும் வாளோடு விழுந்தார்கள். இதை வீரம் என்று பாடிய வழக்கம் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல நா எழவில்லை. ஒரு கிழவரின் மானத்துக்கு எத்தனை பெண்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் அந்த முற்றத்தில் நின்றபோது மனத்தை அறுத்தது. அவர்கள் யாருடைய பெயரும் எந்தச் சுவரிலும் இல்லை.

அந்த வெடிப்பிலிருந்து ஒரு குழந்தை தப்பியது. செங்கமலதாஸ். தாதி ஒருத்தி தூக்கிக்கொண்டு நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தாள். அங்கே ஒரு வணிகர் வீட்டில் குழந்தை வளர்ந்தது. நாயக்கரின் பழைய அதிகாரி வெங்கண்ணா அவனை அழைத்துக்கொண்டு பீஜப்பூர் சுல்தானிடம் முறையிட்டார். சுல்தான் அனுப்பிய தளபதிதான் ஏகோஜி, சத்ரபதி சிவாஜியின் தந்தை ஷாஜிக்கு இன்னொரு மனைவியிடம் பிறந்த மகன். ஏகோஜி வந்தார், மதுரைக்காரர்களை விரட்டினார், செங்கமலதாஸை அரியணையில் உட்கார வைத்தார். தளவாய்ப் பதவி தனக்கு வராமல் வளர்த்த வணிகருக்குப் போனதில் வெங்கண்ணாவுக்கு மனக்கசப்பு. நாட்டை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஏகோஜிக்கு ஓதினார். 1676 வாக்கில் தஞ்சை மராத்தியர் கைக்கு வந்தது. ஒரு தாதி உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய வம்சத்தை, ஒரு பதவிக்காக ஓர் அதிகாரி தொலைத்தார்.

தர்பார் மண்டபத்தில் தூண்களும் வளைவுகளும் இன்னும் வண்ணம் தாங்கி நிற்கின்றன. பக்கத்திலேயே கலைக்கூடம், 1951இல் தொடங்கியது. திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த ரிஷபவாகன தேவரும் கல்யாணசுந்தரரும் அங்கே. காளையின் மேல் சாய்ந்திருக்கும் பாவனையில் ரிஷபவாகனரின் ஒரு கை அந்தரத்தில் தங்கியிருக்க, காளை அங்கே இல்லை. பாம்புகளைச் சுற்றி முடிந்த தலைப்பாகை, இடையில் மடிப்பு, ஒரு காலை மறுகால் மேல் மாற்றி ஊன்றிய நிலை. 1011ஆம் ஆண்டையொட்டிய வார்ப்பு. படை வரும் காலத்தில் இவற்றைப் புதைத்து வைத்தவர்கள் திரும்பி வந்து எடுக்கவே இல்லை. அந்த மண் காப்பாற்றிக் கொடுத்தது.

மராத்தியரின் கதையில் வெடிமருந்து இல்லை. அது காகிதத்தில் முடிந்தது. துளஜாஜி காலத்தில், 1773இல், ஆற்காட்டு நவாபும் கம்பெனியும் சேர்ந்து தஞ்சையைப் பிடித்தார்கள். 1776இல் திருப்பிக் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுத்ததன் பிறகு மன்னர் கம்பெனியின் கடனாளி. 1781இல் ஹைதர் அலியின் படை வந்து கரைகளை வெட்டி, வயல்களைப் பாழாக்கிவிட்டுப் போனது. டெல்டாவில் விளைச்சல் படுத்துவிட்டது. நெல் இல்லாத தஞ்சை மன்னனுக்கு வேறு என்ன வலு இருக்கிறது? ஆறும் அணையும் வரப்பும்தான் இங்கே அரசாட்சி. அவை உடைந்த பிறகு அரியணை நாற்காலி மட்டுமே.

பிள்ளை இல்லாத துளஜாஜி, 1787இல் இறப்பதற்குச் சில நாள் முன்பு பத்து வயது சரபோஜியைத் தத்து எடுத்தார். டேனிஷ் மிஷனைச் சேர்ந்த சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் பிள்ளையை ஒப்படைத்தார். தத்து செல்லாது என்று பண்டிதர்கள் சொல்ல, துளஜாஜியின் தம்பி அமர்சிங் பட்டமேறினார். பிறகு செல்லும் என்று வேறு பண்டிதர்கள் சொன்னார்கள். இடையில் பையனைச் சென்னைக்கு அனுப்பிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 1798இல் சரபோஜிக்கு முடி கிடைத்தது, மறு ஆண்டே நாடு போனது. அமர்சிங் திருவிடைமருதூரில் போய் இருந்து 1802இல் காலமானார். அடுத்த ஆண்டு பெரிய கோயிலில் உளி ஒலிக்கத் தொடங்குகிறது. தத்து செல்லுமா செல்லாதா என்று ஊரே வாதாடிய ஒரு மனிதர், நான் இந்த வரிசையில் வந்தவன்தான் என்று கருங்கல்லிடம் சாட்சி கேட்கிறார். அந்த நீண்ட சுவரை நான் இப்படித்தான் படிக்கிறேன். அது வெற்றிக் களிப்பில் எழுதியது என்று எனக்குத் தோன்றவில்லை.

சிவகங்கைப் பூங்காவை ஒட்டி இருக்கும் சுவார்ட்ஸ் தேவாலயத்தில் ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பம் ஒன்று உண்டு. கட்டிலில் பாதிரியார் உயிர் பிரியும் நேரம், பக்கத்தில் தலைப்பாகையோடு இளைஞர் சரபோஜி அவர் கையைப் பற்றிக்கொண்டிருக்கிறார். தஞ்சையில் அரச குலத்தார் ஒருவரைத் துக்கத்தில் காட்டும் சிற்பம் இதைத் தவிர வேறு நான் பார்த்ததில்லை. வளர்த்தவரை இழந்த பிள்ளையின் முகம்.

நாடு போன மன்னர் முப்பத்து மூன்று ஆண்டு என்ன செய்தார் என்பதற்கு அரண்மனை வளாகத்தில் சரசுவதி மகால் இருக்கிறது. நாயக்கர் காலத்து நூல் பண்டாரம் அவர் கையில் பெருகியது. காசி யாத்திரை போனபோது ஏடுகள் சேர்த்தார், ஆள் வைத்துப் படியெடுத்தார். ஐரோப்பியப் புத்தகங்களை வரவழைத்துத் தம் கையெழுத்திட்டு அடுக்கினார். 1805 வாக்கில் தேவநாகரி அச்சுக்கூடம் வைத்து ஈசாப்பின் கதைகளை மராத்தியில் அச்சிட்டார். தன்வந்திரி மகாலில் வைத்தியர்களைக் கூட்டி மருந்து முறைகளைச் சோதித்து எழுதி வைத்தார். கண் நோயாளிகளின் குறிப்புகள், அவர்களுடைய கண்களின் வண்ணப் படங்களோடு இன்றும் சரசுவதி மகாலில் உள்ளன. வலது கண்ணில் என்ன, இடது கண்ணில் என்ன, என்ன மருந்து, என்று பார்வை திரும்பியது. குடிமக்களின் முகத்தை அவ்வளவு அருகில் பார்த்த மன்னர்கள் நம் வரலாற்றில் குறைவு.

அவர் 1832இல் இறந்தார். மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் 1855 அக்டோபரில் இறந்தார். மகள் இருந்தாள். மகளுக்குப் பட்டம் கட்டலாம் என்று தஞ்சையில் இருந்த கம்பெனிப் பிரதிநிதியான ரெசிடென்ட் எழுதினார். கம்பெனி மறுத்தது. அடுத்த ஆண்டு அரண்மனையைத் துருப்புகளோடு சூழ்ந்து, அரசுச் சொத்து, தனிச் சொத்து என்று பாராமல் எல்லாவற்றையும் கைப்பற்றியது.

விதவை ராணி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தார். சென்னை உச்ச நீதிமன்றத்தில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. கம்பெனி லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1859இல் வந்த தீர்ப்பு: இது ஓர் அரசு இன்னொரு அரசின் மேல் செய்த செயல்; அது நியாயமா அநியாயமா என்று கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் காமாட்சி பாய் வழக்கைப் படிக்கிறார்கள். அரசின் செயல் என்ற கோட்பாட்டுக்கு அது எடுத்துக்காட்டு. கட்டிய புடவையும் போட்ட நகையும் தன்னுடையவை என்று சொன்ன ஒரு பெண்ணின் பெயர் ஏகாதிபத்தியத்தின் சட்ட விளக்கமாகிப்போனதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. 1862இல் தனிச் சொத்துகள் ராணிகளுக்குத் திருப்பித் தரப்பட்டன. நூலகம் பிழைத்தது. 1880இல் ஏ. சி. பர்னல் அதன் வடமொழி ஏடுகளுக்குப் பட்டியல் வெளியிட்டார். 1918இல் அரச குடும்பத்தார் உரிமையை விட்டுக் கொடுக்க, அது பொது நூலகமானது.

வடவாற்றங்கரையில் ராஜா கோரிக்கும் போனேன். மராத்திய மன்னர் குடும்பத்தின் எரிமேடை, சமாதிகள் இருக்கும் இடம். சுதை உதிர்ந்த சிறு கோபுரங்கள், செங்கல் இடுக்கில் ஆலங்கன்று, முழங்கால் உயரத்துக்குக் கருவேலம். எந்தச் சமாதி யாருடையது என்று எழுதி வைத்த பலகை கண்ணில் படவில்லை. வம்ச சரித்திரம் அங்கே கல்லில் அவ்வளவு நீளம். இங்கே பெயர்ப்பலகைக்கு வழியில்லை. இந்த ஊர் இதைச் சரி செய்யலாம். பெரிய செலவு பிடிக்கிற வேலை அன்று.

மறுநாள் காலை ஒரத்தநாடு பேருந்து. இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. குறுவை அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால், அறுத்த நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்கள். வானம் வடகிழக்கில் கறுத்திருந்தது. ஒருவர் வானத்தைப் பார்ப்பார், தார்ப்பாயைப் பார்ப்பார், மறுபடி துழாவுவார். இன்னொரு பக்கம் சம்பா நடவு. சேறடித்த வயலில் குனிந்த பெண்கள் வரிசையாகப் பின்வாங்கிக்கொண்டே நாற்று ஊன்றினார்கள். அறுவடையும் நடவும் ஒரே சாலையின் இரு பக்கங்களில் நடப்பதைக் காண இந்த ஐப்பசியை விட்டால் கிடையாது.

ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம். சரபோஜியின் அன்புக்குரியவர் முக்தாம்பாள். சாகும் தறுவாயில் தன் பெயரில் ஓர் அன்ன சத்திரம் வேண்டும் என்று கேட்டதாகச் சொல்வார்கள். 1802 வாக்கில் சத்திரம் எழுந்தது. கம்பெனி நாட்டை எடுத்துக்கொண்ட சில ஆண்டுகளுக்குள்! முகப்பில் அடித்தளத்தைக் குதிரைகளும் யானைகளும் இழுப்பது போலச் செதுக்கி, கட்டடமே ஒரு தேராகத் தோன்றும்படி அமைத்திருக்கிறார்கள். குதிரையின் முன்கால் தூக்கியிருக்கிறது. சேணத்து மணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. அதன் காதில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. உள்ளே முற்றங்கள், தாழ்வாரங்கள், வழவழத்த தூண்கள், சில இடங்களில் கூரை இறங்கிவிட்ட அறைகள்.

வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் விசாரித்தார்.

“எங்கேருந்து தம்பி வர்றீங்க?”

“தஞ்சாவூருலேருந்துதான் ஐயா. சத்திரத்தைப் பாத்துட்டுப் போகலாம்னு.”

“பாருங்க, பாருங்க. எங்க அப்பா சின்னப் புள்ளையில இங்க தங்கித்தான் படிச்சுது. மூணு வேளையும் சோறு இங்கதான். இல்லாட்டி எழுத்தே தெரிஞ்சிருக்காதும்பாரு.”

“இப்போ நிலமெல்லாம்?”

“சத்திரத்து நெலம் இருக்கு. நாங்களே கொஞ்சம் குத்தகைக்குப் பாக்குறோம். நெல்லு நல்லா வந்தா கட்டிடுவோம். வரலேன்னா அவுங்களும் கொஞ்சம் பொறுத்துக்குவாங்க.”

எழுத்தே தெரிஞ்சிருக்காது என்று அவர் சொன்ன இடத்தில் நான் சரபோஜியின் ஒரு கடிதத்தை நினைத்துக்கொண்டேன். 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு அவர் எழுதியது. சத்திரங்களுக்கு விட்ட நிலங்களில் கை வைக்க வேண்டாம் என்று கெஞ்சும் கடிதம். தன் அரண்மனைக்கு வேண்டும், தன் படைக்கு வேண்டும் என்று அதில் இல்லை. ராமேசுவரம் போகும் வழியில் இருக்கும் சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று விளக்குகிறார். பிராமணர் முதல் பறையர் வரை எல்லாச் சாதி யாத்ரிகருக்கும், ஜங்கமருக்கும் பைராகிக்கும் சோறு. சமைத்தது சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் பருப்பும். நள்ளிரவு வரை பந்தி. அப்போது மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூப்பிட வேண்டும். நோயாளிக்கு மருத்துவர். வழியில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு, பிள்ளைக்குப் பால். அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு. இறந்தவருக்கு அவரவர் சாதி வழக்கப்படி காரியம்.

இத்தனையிலும் சாதி வரிசை சாதி வரிசையாகத்தான் இருந்தது, பந்தியும் தனித்தனிதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நள்ளிரவு மணியை யோசித்துப் பார்க்கிறேன். நாட்டின் எல்லைகளைக் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒரு மனிதர், பசியோடு தூங்கப் போகும் கடைசி வழிப்போக்கனை எழுப்ப ஒரு மணி வேண்டும் என்று கடிதத்தில் நினைவாக எழுதுகிறார். போன்சலே வம்சத்தின் உண்மையான சரித்திரம் எனக்கு அந்தக் கடிதத்தில் கிடைத்தது.

நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ராசாமடத்தில் ஒன்று, மீமிசலில் ஒன்று. பலவும் அரண்மனைப் பெண்களின் பெயர் தாங்கியவை. விஜயராகவரின் அந்தப்புரப் பெண்களுக்கு ஒரு பெயரும் மிஞ்சவில்லை. அதே அரண்மனையில் பிறகு வாழ்ந்த பெண்களின் பெயர்கள் ஊர் ஊராகப் பேருந்து நிறுத்தத்தில் வாழ்கின்றன.

பட்டுக்கோட்டை தாண்டினால் வயல் குறைந்து தென்னை கூடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப் போட்ட தோப்புகளில் புதுக் கன்றுகள் ஆள் உயரம் வளர்ந்திருந்தன. அதையும் தாண்டி மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி மனோரா. எட்டு நிலை, ஆறு பட்டைக் கோபுரம், சுற்றிலும் மதிலும் அகழியும். 1814இல் சரபோஜி கட்டியது. வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டினார் என்று பலரும் எழுதுகிறார்கள். வாட்டர்லூ நடந்தது 1815இல். மனோரா அதற்கு முந்தியது. 1814இல் நெப்போலியன் முதன்முறை முடி துறந்ததைக் கேள்விப்பட்டு, ஆங்கிலேயரின் வெற்றியையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் குறிக்க எழுப்பியதாகக் கல்வெட்டே சொல்கிறது.

உப்புக் காற்று தின்ற செங்கல்லைத் தொட்டுக்கொண்டு அந்தக் கல்வெட்டின் முன் நின்றபோது அவர் மேல் இரக்கம்தான் வந்தது. உலகின் மறுகோடியில் ஒரு பேரரசன் விழுந்ததற்கு, தன் ஆட்சியை இழந்த மன்னர் தன் கடற்கரையில் கோபுரம் கட்ட வேண்டியிருந்தது. கம்பெனிக்கு நண்பனாக இருந்தால் மிச்சமிருப்பது பிழைக்கும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். கோட்டையும் அரண்மனையும் அவர் மகனோடு போயின. அந்த நட்பு வாங்கித் தந்தது சத்திரங்களை மட்டும்தான்.

அவை எப்படித் தப்பின என்பதை மல்லிப்பட்டினத்தில் தேநீர் குடித்துக்கொண்டே நினைத்துப் பார்த்தேன். அரச குலம் போன பிறகு சத்திரங்களையும் அவற்றின் நிலங்களையும் மாவட்ட நிர்வாகம் ஏற்றது. வெள்ளைக்காரன் போன பிறகும் அந்த ஏற்பாடு போகவில்லை. தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் சத்திரங்களுக்கென்றே ஒரு தனி வட்டாட்சியர் இருக்கிறார். ஒரத்தநாட்டுப் பெரியவர் கட்டும் குத்தகை அங்கேதான் போகிறது. சத்திர வருமானத்தில் ஏழை மாணவர்களுக்கு விடுதி நடக்கிறது. தஞ்சை ரயிலடிக்கு எதிரே இருக்கும் சிரேயஸ் சத்திரத்தில் தங்கிப் படித்து வேலைக்குப் போனவர்கள் இந்த மாவட்டம் முழுக்க உண்டு. முக்தாம்பாள் சத்திரத்தின் இறங்கிய கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும், அந்த நிலத்தின் குத்தகை வரவைக் கொண்டே அதைத் தொடங்கலாம்.